என் காரின் இ.சி.யூ.வை நானே படித்துத் திருத்திய கதை

2019ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் சாலையில் பர்லியாரைத் தாண்டிய சற்று நேரத்தில், மூன்றாம் கியரில் ஆக்சிலரேட்டரை நன்றாக அழுத்தியபோது, டர்போவின் விசில் வழக்கத்தைவிடக் கூர்மையாக எழுந்தது. அடுத்த நொடியே இன்ஜின் மூச்சு வாங்கியதுபோல் சோர்ந்துவிட்டது. வண்டியை ஓரங்கட்டி, ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முனைச் சாக்கெட்டில் கேபிளைச் செருகிப் பார்த்தேன். பி1555 என்ற பிழைக் குறியீடு பதிவாகியிருந்தது. டர்போ தரும் காற்றழுத்தம் மேல்வரம்பைத் தாண்டிவிட்டது என்பது அதன் பொருள். இன்ஜினைக் காப்பாற்றுவதற்காக, இ.சி.யூ. எனப்படும் இன்ஜினின் கணினிப் பெட்டி தானே சக்தியைக் குறைத்துக்கொண்டது. அந்த ஒரு குறியீட்டின் பின்னால் போனதில்தான், அந்தப் பெட்டிக்குள் இருக்கும் எண்களைத் திருத்தி எழுதும் ரீமேப் என்ற கலையை நான் கற்கத் தொடங்கினேன், இன்றும் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

வண்டி 2005ஆம் ஆண்டின் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். நான் மூன்றாவது உரிமையாளன். 2016இல் ஈரோட்டில் ஒருவரிடமிருந்து வாங்கினேன். 1781 சி.சி. கொள்ளளவும், சிலிண்டருக்கு ஐந்து வால்வுகளும், ஒரு சிறிய டர்போவும் கொண்ட அந்த 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், இந்தியாவில் 150 குதிரைத்திறனோடு விற்கப்பட்டது. ஐரோப்பாவில் இதே பெயர் தாங்கிய வண்டிக்கு 180 குதிரைத்திறன் இருந்தது. நம் ஊர் பெட்ரோலின் ஆக்டேன் எண், அதாவது தானே வெடித்துவிடாமல் தாங்கும் திறன், அந்நாளில் குறைவு என்பதை மனத்தில் வைத்துப் பார்த்தால் அந்த அடக்கத்தில் நியாயம் இருந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது. எனக்கு விற்றவர், "இதுக்கு ஸ்டேஜ் ஒன் சிப் போட்டிருக்கேனுங்க, வண்டி பறக்குமுங்க" என்று பெருமையோடு சொல்லியிருந்தார். அப்போது எனக்கும் அது பெருமையாகவே இருந்தது.

பர்லியாரிலிருந்து திரும்பியதும், அவர் சிப் என்று சொன்ன அந்த ரீமேப்பைச் செய்த கடையைத் தேடிப் போனேன். இ.சி.யூ.வில் எந்தெந்த எண் அட்டவணைகளை மாற்றினீர்கள், மாற்றுவதற்கு முன் இருந்த மூலக் கோப்பை வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். மூலக் கோப்பு இல்லை என்றார்கள், மாற்றியது என்ன என்பது தொழில் ரகசியம் என்றார்கள், கடைசியில், "ஏனுங்க தம்பி, வண்டி நல்லாத்தானுங்க போகுது? வேணும்னா ஸ்டேஜ் டூ போட்டுக்குங்க" என்று ஆலோசனையும் சொன்னார்கள். என் இன்ஜினுக்குள் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதை எனக்குச் சொல்ல மறுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் பம்ப் தயாரிக்கும் ஆலை ஒன்றின் சோதனைக்கூடத்தில் வேலை செய்பவன். ஒரு மோட்டாரின் அளவீட்டுத் தாள் இல்லாமல் அதைக் கப்பலேற்ற எங்கள் கூடத்தில் யாரும் கையெழுத்திட மாட்டார்கள். என் வண்டிக்கு மட்டும் ஏன் வேறு நியாயம் என்ற கேள்வி அன்று இரவு முழுவதும் என்னை விடவில்லை.

முதலில் செய்த நல்ல காரியம், வண்டியில் இருந்த இ.சி.யூ.வைத் தொடாமல் இருந்தது. சென்னைக்குப் போயிருந்தபோது புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கி, விபத்தில் நொறுங்கிய இன்னொரு ஆக்டேவியா ஆர்.எஸ். வண்டியிலிருந்து கழற்றிய, அதே பாக எண் கொண்ட இ.சி.யூ. ஒன்றை 3500 ரூபாய்க்கு வாங்கினேன். அது யார் கையும் படாத பெட்டி என்பது மேல்மூடியின் பசை உடையாமல் இருந்ததிலேயே தெரிந்தது. பாஷ் நிறுவனத்தின் மோட்ரானிக் எம்.இ.7.5 வகை. பற்றவைப்பையும் எரிபொருள் பீய்ச்சலையும் ஒரே கணினியின் கீழ்க் கொண்டுவந்த மோட்ரானிக் வரிசை 1979இல் பி.எம்.டபிள்யூ. 732ஐ காரில் தொடங்கியது. என் கையில் இருந்தது அதன் பேரன் என்று சொல்லலாம். உள்ளே சி167 என்ற நுண்செயலி, 29எஃப்800 என்ற ஒரு மெகாபைட் ஃபிளாஷ் சிப், உரிய சாவி இல்லாமல் வண்டி கிளம்பாதபடி தடுக்கும் இம்மொபிலைசரின் விவரங்களை வைத்திருக்கும் 512 பைட் கொண்ட ஒரு குட்டி நினைவகம். ஒரு காரின் இன்ஜின் எப்போது தீப்பொறி கொடுக்க வேண்டும், எத்தனை மில்லிசெகண்ட் பெட்ரோல் தெளிக்க வேண்டும், டர்போ எவ்வளவு ஊத வேண்டும் என்ற அத்தனை முடிவுகளும் அந்த ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கியிருக்கின்றன. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதைவிடப் பெரியது.

வீட்டு மேசையில் 12 வோல்ட் மின்வழங்கியோடு அந்தப் பெட்டியை இணைத்து, கே-லைன் என்ற ஒற்றைக் கம்பி வழியே கோப்பை உருவி எடுத்தேன்; அதுவே எனக்கு மூலக் கோப்பு. பிறகு வண்டியிலிருந்தும் அதே முறையில் ஒரு கோப்பை எடுத்தேன். இரண்டையும் அருகருகே வைத்து, பைட் பைட்டாக ஒப்பிடும் மென்பொருளில் ஓடவிட்டபோது, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பைட்டுகளில் சில நூறு மட்டுமே வேறுபட்டன. கடைக்காரர் சொல்ல மறுத்த ரகசியம் அந்தச் சில நூறு எண்கள்தான்.

ஆனால் எண்களைக் காண்பது வேறு, படிப்பது வேறு. கோப்பில் எந்த இடத்தில் எந்த அட்டவணை இருக்கிறது என்று கோப்பே சொல்லாது. எண்களை வரைபடமாகக் காட்டும் மென்பொருளில் மெதுவாக உருட்டிக்கொண்டே போனால், நிரல் இருக்கும் பகுதி வெறும் இரைச்சலாகத் தெரியும். திடீரென ஓரிடத்தில் ஒழுங்கான மலைத்தொடர்போல் அலைகள் எழும்பும். அங்கேதான் ஓர் அட்டவணை இருக்கிறது. அதற்குச் சற்று முன்னால் அச்சுகள் இருக்கும். இன்ஜின் வேகத்தை ஒரு பைட்டில் எழுதும் அச்சு, ஒரு எண்ணுக்கு 40 சுழற்சி என்ற கணக்கில் இருக்கும். அதாவது 25 என்றிருந்தால் நிமிடத்துக்கு 1000 சுழற்சி, 150 என்றிருந்தால் 6000. இந்த இரண்டு எண்களுக்கும் இடையே ஏறுமுகமாகச் செல்லும் ஒரு வரிசையைக் கண்டுபிடித்த இரவில், புரியாத கல்வெட்டில் முதல் எழுத்தை அடையாளம் கண்டவனின் மகிழ்ச்சி எனக்கு இருந்தது.

அட்டவணைகளின் பெயர்கள் எல்லாம் ஜெர்மன் சொற்களின் சுருக்கங்கள். கே.எஃப். என்று தொடங்கினால் அது 'கென்ஃபெல்ட்', அதாவது இரண்டு அச்சுகள் கொண்ட அட்டவணை. இசட்.டபிள்யூ. என்றால் 'ட்ஸ்யுன்ட்விங்கெல்', பற்றவைப்புக் கோணம். ஆகவே கே.எஃப்.இசட்.டபிள்யூ. என்பது தீப்பொறி எந்தக் கோணத்தில் பாய வேண்டும் என்று சொல்லும் அட்டவணை. அதில் ஓர் எண்ணுக்கு 0.75 பாகை, எனவே 24 என்று எழுதியிருந்தால் பிஸ்டன் மேல்முனையை எட்டுவதற்கு 18 பாகை முன்னால் தீப்பொறி. எனக்கு மிகவும் பிடித்த பெயர் லாம்ஃபா. காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விகிதத்தை, ஓட்டுநர் கேட்கும் சக்திக்கு ஏற்ப முடிவு செய்யும் அட்டவணை அது; அந்தப் பெயரின் பின்பாதி 'ஃபாரர்வுன்ஷ்', 'ஓட்டுநரின் விருப்பம்' என்ற சொல்லிலிருந்து வந்தது. ஒரு கணினிக்குள் யாரோ ஒரு பொறியாளர் என் விருப்பத்துக்கென்று ஓர் அட்டவணை ஒதுக்கி வைத்திருக்கிறார் என்பதை அறிந்தபோது, அந்தப் பெட்டியின் மேல் எனக்கு மரியாதை கூடியது.

எம்.இ.7 எப்படிச் சிந்திக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு ஆறு மாதங்கள் ஆயின. 2020ஆம் ஆண்டின் ஊரடங்கு அதற்கு வசதியாக அமைந்தது. இந்த வண்டியில் ஆக்சிலரேட்டர் மிதிக்கும், இன்ஜினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் த்ராட்டிலுக்கும் இடையே கம்பி எதுவும் கிடையாது. நாம் மிதியை அழுத்துவது ஒரு விண்ணப்பம் போடுவது போன்றது. இ.சி.யூ. முதலில் அதை இவ்வளவு முறுக்குவிசை வேண்டும் என்று மொழிபெயர்க்கிறது. அந்த முறுக்குவிசைக்குச் சிலிண்டரில் எவ்வளவு காற்று நிறைய வேண்டும் என்று கே.எஃப்.எம்.ஐ.ஆர்.எல். என்ற அட்டவணையில் பார்க்கிறது. இந்தக் காற்று நிறைவை விழுக்காட்டில் சொல்வார்கள். டர்போவின் உதவியில்லாமல் சிலிண்டர் நிறைவதை ஏறத்தாழ 100 என்று கொண்டால், டர்போ இருப்பதால் அது 130, 150 என்று மேலே போகும். எவ்வளவு கேட்டாலும் இதற்கு மேல் தரக்கூடாது என்ற உச்சவரம்பு எல்.டி.ஆர்.எக்ஸ்.என். என்ற வரிசையில் இருக்கிறது. அதன் பிறகுதான் டர்போவை எவ்வளவு ஊதவிட வேண்டும், த்ராட்டிலை எவ்வளவு திறக்க வேண்டும் என்ற முடிவுகள் வருகின்றன. இத்தோடு நிற்பதில்லை. உள்ளே வந்த காற்றை அளந்து, இந்தக் காற்றுக்கு இவ்வளவு முறுக்குவிசை உண்டாகியிருக்க வேண்டும் என்று கே.எஃப்.எம்.ஐ.ஓ.பி. என்ற எதிர் அட்டவணையின் வழியே திரும்பக் கணக்கிட்டு, கேட்டதைவிட மிகுதியாக வந்திருந்தால் த்ராட்டிலை மூடிவிடுகிறது. முன்னே செல்லும் கணக்கும் பின்னே வரும் கணக்கும் ஒன்றுக்கொன்று தலைகீழாகப் பொருந்த வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பெட்டி தனக்குத்தானே சண்டை போடத் தொடங்கிவிடும்.

இவ்வளவையும் அறிந்த பிறகு அந்தச் சில நூறு எண்களை மறுபடி பார்த்தேன். கடையில் செய்திருந்தது எனக்குத் துலக்கமாகத் தெரிந்தது, கோபமும் வந்தது. காற்று நிறைவின் உச்சவரம்பை எல்லா வேகங்களுக்கும் ஒரே அளவாக உயர்த்தியிருந்தார்கள். இந்தச் சிறிய டர்போவால் 5500 சுழற்சிக்கு மேல் அந்த அளவு காற்றைத் தர இயலாது. தர முயன்றால் காற்றை விடச் சூட்டையே மிகுதியாகத் தரும். லாம்ஃபாவைத் தொடவே இல்லை. என் மூலக் கோப்பில் அது பெரும்பாலும் லாம்டா 1 என்றே இருந்தது, அதாவது ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. புகைக்குழாய் அளவுக்கு மீறிச் சூடான பிறகு பெட்ரோலைக் கூட்டிக் குளிர்விக்கும் பாதுகாப்பு ஏற்பாடு ஒன்று தனியே இருக்கிறது. 150 குதிரைத்திறனுக்கு அது போதும். காற்றை இவ்வளவு கூட்டிவிட்டு, எரிபொருளைக் கூட்டும் பொறுப்பை அந்தத் தாமதமான பாதுகாப்பின் தலையில் கட்டுவது சரியல்ல.

மூன்றாவதாகக் கண்டதுதான் பர்லியாரில் நடந்ததற்கு விடை சொன்னது. கே.எஃப்.எல்.டி.எச்.பி.என். என்று ஓர் அட்டவணை. இடையில் வரும் எச். என்ற எழுத்து 'ஹோஹ', உயரம் என்ற சொல்லைக் குறிக்கிறது. டர்போ வெளிக்காற்றை எத்தனை மடங்கு வரை அழுத்தலாம் என்பதற்கு அது எல்லை வகுக்கிறது. கோவையில் வெளிக்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 965 மில்லிபார். இன்ஜினுக்கு 1700 மில்லிபார் வேண்டுமென்றால் டர்போ அதை 1.76 மடங்காக்கினால் போதும். 2240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகையில் வெளியழுத்தம் ஏறத்தாழ 775 மில்லிபார்தான். அதே 1700 வேண்டுமென்றால் 2.19 மடங்கு. மலையேற ஏற, அதே வேலைக்கு டர்போ இன்னும் வேகமாகச் சுழன்றாக வேண்டும். அதைத் தடுக்க வைத்த வேலியை அந்தக் கடைக்காரர்கள் முற்றிலும் பிடுங்கிவிட்டிருந்தார்கள். அட்டவணை முழுவதும் ஒரே உச்ச எண். சமவெளியில் சோதித்துப் பார்த்த யாருக்கும் இது தெரிந்திருக்காது. நீலகிரியின் அடிவாரத்தில் இருந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் மலையேறும் ஊரின் வண்டிகளுக்கு இதைச் செய்திருக்கிறார்கள் என்பதுதான் என்னை அதிகம் வருத்தியது.

இன்னொரு பைட்டையும் சொல்ல வேண்டும். சி.டி.கேட் என்ற இடத்தில் மூலக் கோப்பில் 1 இருந்தது. என் வண்டியில் 0. புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் வேலை செய்கிறதா என்ற சோதனையையே நிறுத்தும் எண் அது. ஏன் நிறுத்தினார்கள் என்று சந்தேகம் வந்து, வண்டியை லிப்டில் ஏற்றிப் புகைக்குழாயைக் கழற்றினேன். உள்ளே தேன்கூடு போல இருக்க வேண்டிய பீங்கான் இல்லை. இடித்து எடுத்துவிட்டு வெறும் கூட்டை மாட்டியிருந்தார்கள். வண்டியை வாங்கிய நாளிலிருந்து நான் என் தெருவில், என் வீட்டுக் குழந்தைகளின் முன்னால், வடிகட்டாத புகையை விட்டுக்கொண்டு போயிருக்கிறேன். புதிய கன்வர்ட்டர் வாங்கி மாட்டிய பிறகு நான் எழுதிய முதல் திருத்தம், அந்த 0ஐ மறுபடி 1 ஆக்கியதுதான். ஃபோக்ஸ்வேகனின் டீசல் மோசடி 2015இல் வெளிப்பட்டபோது, ஃபெலிக்ஸ் டோம்கே என்பவர் தம் சொந்தக் காரின் இ.சி.யூ. நிரலைப் படித்து, மோசடி எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை அவ்வாண்டு டிசம்பரில் ஹாம்பர்க்கில் நடந்த கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் மாநாட்டில் விளக்கினார். அவர் கண்டது மாபெரும் நிறுவனத்தின் பொய். நான் கண்டது ஒரு கடையின் பொய். இரண்டையும் வெளிக்கொணர்ந்தது ஒரே பழக்கம்தான்: சொந்த வண்டியின் கோப்பைத் திறந்து படிப்பது.

சில நாட்கள் மூலக் கோப்பை அப்படியே ஏற்றி ஓட்டினேன். இந்தக் காலத்தில் நான் செய்ததெல்லாம் லாக் எடுப்பது, அதாவது ஓடும்போது வரும் அளவீடுகளைப் பதிவு செய்வது மட்டும். ஸ்கோடாவும் அடங்கிய ஃபோக்ஸ்வேகன் குழுமமான வி.ஏ.ஜி.யின் வண்டிகளில் அளவீடுகள் தொகுதி தொகுதியாக எண்ணிடப்பட்டிருக்கும். 3ஆம் தொகுதியில் உள்ளே வரும் காற்றின் எடை, 20ஆம் தொகுதியில் நாக்கிங் (சிலிண்டரில் கலவை தானாக வெடிப்பது) காரணமாக ஒவ்வொரு சிலிண்டரிலும் தீப்பொறி எத்தனை பாகை பின்வாங்கியது என்ற கணக்கு, 32ஆம் தொகுதியில் எரிபொருள் திருத்தம், 115ஆம் தொகுதியில் டர்போவிடம் கேட்ட பூஸ்டும் (காற்றழுத்தமும்) கிடைத்த பூஸ்டும். பொதுச்சாலையில் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்துச் சோதிப்பது எனக்கு ஒப்பவில்லை. ஆகவே ஒரு பட்டறையில், வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிட்டுச் சக்தியை அளக்கும் டைனோவை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்தேன். கடையின் கோப்பை மறுபடி ஏற்றி ஒரே ஒரு முறை ஓட்டியபோது, மூன்றாம் சிலிண்டரில் தீப்பொறி 9.75 பாகையும் இரண்டாம் சிலிண்டரில் 8.25 பாகையும் பின்வாங்கியிருந்தன. தீப்பொறி மூட்டிய சுடர் வந்து சேரும்வரை காத்திராமல், மீதமுள்ள பெட்ரோல் கலவை சிலிண்டருக்குள் தானே வெடிக்க முயல்கிறது. நாக் சென்சார் அதைக் கேட்டு, இ.சி.யூ. பதறிப் பின்வாங்குகிறது. ஓட்டுபவரின் காதுக்கு எதுவும் கேட்காது. முதுகு இருக்கையில் அழுந்தும், வண்டி பறப்பதாகத் தோன்றும். 20ஆம் தொகுதியைப் பார்க்காதவருக்கு இன்ஜின் படும் பாடு தெரிய வழியே இல்லை.

பிறகு நானாக எழுதத் தொடங்கினேன். முதல் முயற்சியில் காற்று நிறைவின் உச்சவரம்பை 3000 சுழற்சியில் 150 வரை உயர்த்தி, 6000இல் 128க்கு இறக்கினேன், கே.எஃப்.எம்.ஐ.ஆர்.எல்.ஐயும் அதற்கேற்ப உயர்த்தினேன். எதிர் அட்டவணையின் அச்சை நீட்ட மறந்தேன். டைனோவில் 3500 சுழற்சியில் வண்டி எதிலோ முட்டியதுபோல் நின்றது. லாக்கில் த்ராட்டில் 40 விழுக்காட்டுக்கு மூடியிருந்தது. மேலே நான் விவரித்த சண்டை அதுதான். ஏடுகளில் படித்தபோது பொதுவான எச்சரிக்கையாகத் தெரிந்தது, என் வண்டியின் லாக்கில் ஒரு செங்குத்தான சரிவாகத் தெரிந்தபோதுதான் எனக்கு உண்மையில் விளங்கியது. அச்சை நீட்டி, இரண்டு அட்டவணைகளையும் ஒரே தாளில் வைத்துக் கட்டம் கட்டமாகச் சரிபார்த்து முடிக்க இரண்டு வாரங்கள் ஆயின.

இரண்டாவது தவறு இன்னும் பெரியது. ஒரு மாலையில், சூடான இன்ஜினோடு, பேட்டரி சார்ஜரை மாட்டாமல் கோப்பை ஏற்றத் தொடங்கினேன். பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது ரேடியேட்டர் மின்விசிறி ஓடத் தொடங்கியது, மின்னழுத்தம் இறங்கியது, தொடர்பு அறுந்தது. பழைய நிரலை அழித்தாகிவிட்டது, புதியது முழுமையாக எழுதப்படவில்லை. சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டு விளக்குகள்கூட ஒழுங்காக எரியவில்லை.

இதிலிருந்து மீளும் வழி அழகானது. அதை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். வைப்பருக்குக் கீழே மழைநீர் வழியும் தொட்டியில் இருக்கும் இ.சி.யூ.வைக் கழற்றி, 121 முனைகள் கொண்ட கனெக்டரைப் பிரித்து, சூடான காற்றால் பசையை இளக்கி மூடியைத் திறந்தேன். உள்ளே இருக்கும் ஃபிளாஷ் சிப்பில் 44 கால்கள். அவற்றில் 24ஆம் கால் ஒரு தரவுக் கம்பி. அது செயலியின் கம்பியோடு நேராக இணைந்திருக்கிறது. சி167 செயலி, மின்சாரம் வந்து விழித்தெழும் அந்தக் கணத்தில், இந்தக் கம்பி தாழ்நிலையில் இருக்கிறதா என்று பார்க்கும். தாழ்நிலையில் இருந்தால், ஃபிளாஷ் சிப்பில் இருப்பதைப் பொருட்படுத்தாமல், வெளியிலிருந்து வரும் நிரலுக்காகக் காத்திருக்கும். ஆகவே ஒரு மின்தடையோடு இணைத்த தையல் ஊசியை 24ஆம் காலில் தொட்டு மறுமுனையை எர்த்தில் வைத்துக்கொண்டு, இடக்கையால் மின்சாரத்தைப் போட வேண்டும். ஓரிரு நொடிகளில் ஊசியை எடுத்துவிட வேண்டும். கால்களுக்கு இடையே இருக்கும் தூரம் ஒரு மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. முதல் நான்கு முறை பக்கத்துக் காலைத் தொட்டுவிட்டேன். ஐந்தாம் முறை மடிக்கணினியில் செயலி பதிலளித்தது. முழுக் கோப்பும் ஏறி முடித்து, வண்டியில் மாட்டி, சாவியைத் திருப்பி, இன்ஜின் உயிர்பெற்றபோது இரவு இரண்டு மணி. அன்றிலிருந்து, 13 வோல்ட்டுக்குக் குறையாத மின்வழங்கியை மாட்டாமல், இன்ஜின் ஆறாமல், ஒரு பைட்டைக்கூட நான் எழுதியதில்லை. எழுதும் முன் செக்சம் எனப்படும் சரிபார்ப்புத் தொகைகளைத் திருத்திவிட வேண்டும் என்பதும் அதே அளவு முக்கியம். ஒரே ஓர் எண்ணை மாற்றினாலும் அந்தத் தொகைகள் மாறும், பொருந்தாத கோப்பை இ.சி.யூ. ஏற்காது. எம்.இ.7சம் என்ற திறமூல மென்பொருள் இதைச் சில நொடிகளில் செய்துவிடும்.

டைனோவில் ஓட்டும்போது இப்போது வண்டியில் இருப்பது நான் எழுதிய பதினொன்றாம் கோப்பு. காற்று நிறைவு மிகுதியாகக் கேட்கப்படும் இடங்களில் லாம்ஃபாவில் 112 என்று எழுதியிருக்கிறேன். 128 என்பது லாம்டா 1 என்ற கணக்கில் இது 0.875. பெட்ரோல் சற்றே கூடுதலாக ஆவியாகிச் சிலிண்டரைக் குளிர்விக்கிறது. தீப்பொறிக் கோணத்தை நடு வேகங்களில் மூலத்தைவிட 1.5 பாகை குறைத்தேன். சக்தி வேண்டுபவன் தீப்பொறியை முன்னே தள்ள வேண்டுமென்றுதான் பலரும் நினைக்கிறார்கள். காற்றைக் கூட்டும்போது கோணத்தைக் குறைப்பதே இந்த இன்ஜினுக்கு உகந்தது என்பது 20ஆம் தொகுதி எனக்குச் சொன்ன பாடம். மூலக் கோப்பில் நொடிக்கு 118 கிராம் காற்று உள்ளே வந்தது, இப்போது 140. இந்த இன்ஜினில் அதை 0.8ஆல் வகுத்தால் ஏறத்தாழக் குதிரைத்திறன் கிடைக்கும்: 147, 175. ஐரோப்பிய வண்டியின் 180ஐ எட்ட வேண்டுமென்ற ஆசை எனக்கு இல்லை. பின்வாங்கல் இப்போது எந்தச் சிலிண்டரிலும் 3 பாகையைத் தாண்டுவதில்லை.

நடுவில் பெட்ரோலே மாறிவிட்டது. நம் பங்க்குகளில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ20 வந்த பிறகு, 32ஆம் தொகுதியில் எரிபொருள் திருத்தம் 3 விழுக்காட்டிலிருந்து 9க்கு மெல்ல ஏறியது. எத்தனாலில் ஆக்சிஜன் இருக்கிறது. சுத்த பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டுமென்றால், இ20க்கு 13.5 அளவில் போதும். அதாவது அதே காற்றுக்கு எரிபொருள் மிகுதியாகத் தெளிக்கப்பட வேண்டும். புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் லாம்டா சென்சார் இதைக் காட்ட, இ.சி.யூ. தானே சரிசெய்துகொள்கிறது என்பது உண்மை. ஆனால் திருத்தம் என்பது எதிர்பாராத பிழைக்கு வைத்திருக்கும் கையிருப்பு; நிரந்தரச் செலவுக்கு அதை எடுத்துவிட்டால், நாளைக்கு ஓர் இன்ஜெக்டர் அடைத்துக்கொள்ளும்போது கையில் ஒன்றும் இருக்காது. கே.ஆர்.கே.டி.இ. என்ற ஒரே ஓர் எண், தேவையான எரிபொருள் அளவை அதைத் தெளிக்கும் நேரமாக மாற்றுகிறது. அதை 5.5 விழுக்காடு உயர்த்தினேன். ஒரு வாரத்தில் திருத்தம் பழைய 3க்கு இறங்கியது. பழைய ரப்பர்க் குழாய்களையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றினேன். எத்தனாலின் ஆக்டேன் மிகுதி என்பதால் தீப்பொறியை முன்னே தள்ளலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள், நான் தள்ளவில்லை. எல்லா ஊரிலும் எல்லா பங்க்கிலும் ஒரே கலவைதான் கிடைக்கும் என்று நம்பி இன்ஜினைப் பணயம் வைக்க எனக்கு மனமில்லை.

சட்டத்தைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிப்பாகவே வாசித்தது. உத்தரவாதக் காலத்தில் இருக்கும் வண்டியில் இ.சி.யூ.வைத் தொட்டால் உத்தரவாதம் போகும். காப்பீட்டு நிறுவனம் கேள்வி கேட்டால் பதில் சொல்வது கடினம். ஆகவே நான் இரண்டு கோப்புகளை வைத்திருக்கிறேன். அன்றாடச் சாலைக்கு 150 குதிரைத்திறன் கொண்ட மூலக் கோப்பு, இ20க்கான அந்த ஒரு திருத்தத்தோடு மட்டும். பதினொன்றாம் கோப்பு டைனோவுக்கும், செட்டிபாளையத்தில் இருக்கும் 2.1 கிலோமீட்டர் நீளக் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் காசு கட்டி ஓட்டக் கிடைக்கும் நாட்களுக்கும். முறையாகப் பூட்டப்பட்ட தடத்தில், எதிரே யாரும் வராத வளைவில்தான் அந்தக் கூடுதல் 25 குதிரைகளுக்கு வேலை இருக்கிறது.

போன டிசம்பரில் மூலக் கோப்போடு, உயர எல்லையைக் காக்கும் அந்த அட்டவணை தன் இடத்தில் இருக்க, மறுபடி உதகைக்குப் போனோம். என் மச்சான் முன் இருக்கையில் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு எண்களைப் படித்துக்கொண்டே வந்தார். பர்லியாரைத் தாண்டியதும், எதிரே வண்டி வராத ஒரு நேரான இடத்தில், அதே மூன்றாம் கியரில் மிதியை அழுத்தினேன். "115ல கேட்டதும் கிடைச்சதும் ஒண்ணுபோல இருக்குங்க மாமா, 20ல பூஜ்யம், பூஜ்யம், ஒண்ணரை, பூஜ்யம்" என்றார். உயரம் கூடக் கூட, இ.சி.யூ. தானே டர்போவிடம் கேட்பதைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே வந்தது. லவ்டேல் பக்கம் போனபோது வண்டி கோவையில் இருப்பதைவிடச் சற்று மந்தமாகவே இருந்தது. மெலிந்த காற்றில் அது அப்படித்தான் இருக்க வேண்டும். பிழைக் குறியீடு எதுவும் பதிவாகவில்லை.

பதினொன்றாம் கோப்பில் இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. 3200 சுழற்சியில் டர்போ விழித்தெழும்போது, கிடைக்கும் அழுத்தம் கேட்டதைவிட 80 மில்லிபார் மிஞ்சிப் போய், பிறகு அடங்குகிறது. டர்போவின் காற்றை மட்டுப்படுத்தும் என்75 வால்வு அரை நொடி தாமதமாகச் செயல்படுவதால் வரும் குறை அது. அதற்கான அட்டவணையில் நான்கு கட்டங்களை மாற்றி, பன்னிரண்டாம் கோப்பாகச் சேமித்து வைத்திருக்கிறேன். வரும் ஞாயிறு டைனோவில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.